இருபதில் நிற்க வேண்டிய எண்

இருபதில் நிற்க வேண்டிய எண் பத்தொன்பதுக்கு இறங்கியபோது, ராயப்பராஜ் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். வயது ஐம்பத்தாறு ஆகிறது, கண்ணாடி மாற்றி இரண்டு வருடமாகிறது, போதாக்குறைக்கு மதியம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்து, வடமதுரை ரோட்டில் அக்கம்பக்கம் ஒரு கடைகூட இல்லாமல் நின்ற அவருடைய ஒர்க்‌ஷாப்புக்குள் வெளிச்சம் கழுநீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. கையிலிருந்த ஸ்கேனரின் சின்னத் திரையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இன்ஜின் சூடு பத்தொன்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினெட்டு.

ரேடியேட்டர் குழாயைத் தொட்டார். விரலைச் சுட்டது.

சூட்டைக் குறைத்துக் காட்டுவதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. அப்படிக் காட்ட வைத்ததே அவர்தான். போன புரட்டாசியில், இருபது வருடப் பழசான இந்தப் பெட்ரோல் காரின் சூட்டை அளக்கிற சென்சார் செத்துப்போனது. புதியது மதுரையிலிருந்து வர வேண்டும். அதுவரை வண்டி ஓட வேண்டுமே என்று, சென்சாருக்குப் போகிற ஒயரில் ரேடியோக் கடை ரெசிஸ்டர் ஒன்றை மாட்டிக் கறுப்பு டேப் சுற்றிவிட்டார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. இன்ஜின் எந்நேரமும் இருபது டிகிரியில் சில்லென்று இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டரை நம்ப வைக்கும். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் குளிர்ந்த இன்ஜினுக்கு ஊற்றுவதுபோல் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்கும். நாலு நாளைக்குத் தாங்கும். அவருக்குத் தெரிந்த பாதி மெக்கானிக்குகள் செய்கிற வேலைதான்.

அந்த ரெசிஸ்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும். அது இறங்கவே முடியாது.

காரின் சொந்தக்காரர் உடையப்பன், கொத்தமல்லித்தழை வியாபாரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. மார்க்கெட்டில் தழையை இறக்கிவிட்டு வீடு திரும்பும் வழியில் இங்கே வந்து, பழைய டயர் மேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். போகும்போது ஒரு கட்டுத் தழையை மேஜை மேல் வைத்து, "வெஞ்சனத்துக்கு ஆகும்ல அப்பு" என்பார். ராயப்பராஜின் மனைவி ஐரின் தங்கள் மகளோடு இருக்கப் போய் நாலு வருடம் ஆகிவிட்ட வீட்டில், ஒற்றை ஆளுக்கு என்ன குழம்பு, என்ன வெஞ்சனம்? ஆனாலும் ராயப்பராஜ் அந்தத் தழையை வாட விட்டதில்லை. வேலை இல்லாமலும் அவரைத் தேடி வந்த ஒரே மனிதர் உடையப்பன்தான்.

சென்சாருக்காக உடையப்பன் மூன்று முறை போன் செய்தார். "அப்பு, சென்சார் வந்துருச்சா?" முதல் இரண்டு முறையும் வரவில்லை. மூன்றாவது முறை அது வந்து, மேஜை டிராயரில் கிடந்தது. கையில் வேறு இரண்டு வண்டி வேலை. "இன்னும் வரலண்ணே" என்று சொல்லிவிட்டார்.

ஐப்பசி அடைமழையில், இதே ரோட்டில், புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு செத்த நேரம் கண்ணயர்ந்த உடையப்பன் எழுந்திருக்கவே இல்லை. பெட்ரோல் தீரும்வரை இன்ஜின் ஓடியிருக்கிறது. நெஞ்சுவலி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மாலையோடு போன ராயப்பராஜ் அந்த முகத்தைப் பார்த்தார். வெயிலில் நின்றுவிட்டு வந்தவர் முகம்போல் செக்கச்செவேலென்று இருந்தது. புகை குடித்துச் செத்தவன் முகத்தை அவர் தொழிலில் ஒருமுறை பார்த்திருக்கிறார். அன்று மூடிய வாயை இன்றுவரை திறக்கவில்லை.

இன்று காலை உடையப்பன் மகள் பவித்ரா அதே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"சின்னாளப்பட்டிக்கு வேலைக்குப் போக நான்தான் ஓட்டுறேன் மாமா. பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்குது. கரும்புகை வேற. ஏசி போட்டாத் தூக்கம் தூக்கமா வருது, முகேஷு ரெண்டு நாள் வாந்தி எடுத்துட்டான்." பின்சீட்டில் அவளுடைய ஆறு வயதுப் பையன் ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தான். "சாயங்காலம் வாரேன். பாத்து வைங்க."

அவள் போனதிலிருந்து அவர் வேறு ஒரு கோளாறைத்தான் தேடிக்கொண்டிருந்தார். வேறு எதுவாக இருந்தாலும் சரி, தன் கைவேலையாக மட்டும் இருக்கக் கூடாது. பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் அடுப்புக்கரி. ஏர் ஃபில்டரைத் தட்டினார், சுத்தமாக இருந்தது. வேக்குவம் குழாயில் ஓட்டை இல்லை. பெட்ரோல் பிரஷர் சரியாக நின்றது. இன்ஜெக்டர் நான்கையும் வெளியே எடுத்துக் காகிதத்தின் மேல் பிடித்தார், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஒவ்வொன்றாக நல்லதென்று தெரியத் தெரிய அடுத்ததைக் கழற்றினார். கடைசியில் அடியில் படுத்து சைலன்சரைப் பார்த்தார். முன்சீட்டுக்கு நேர் கீழே, கட்டைவிரல் நுழைகிற அளவுக்குத் துரு தின்ற ஓட்டை; அரைகுறையாக எரிந்த பெட்ரோலின் விஷப்புகை அதன் வழியாகத்தான் வண்டிக்குள் ஏறும். அதைத் தகடு வைத்து அடைத்தார். எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரைச் சொருகியபோதுதான் எண் இறங்கத் தொடங்கியது.

மழை ஒரே அடியாக அடித்தது. சாரல் மேஜை வரை வரவே ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். மின்சாரம் போனது. தகரக் கூரையின் இரைச்சலில் இன்ஜின் சத்தம் அமுங்கி, பெட்ரோல் நெடியும் ஈரமண் வாசமும் கலந்து வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசம். பச்சையாக. அப்போதுதான் தண்ணீர் தெளித்த கொத்தமல்லித்தழை வாசம்.

மேஜையைப் பார்த்தார். ஏழு மாதமாக அங்கே எந்தத் தழையும் இல்லை.

பன்னிரண்டு. ஒன்பது. ஆறு.

போதும் என்று பானட்டுக்குள் குனிந்து, கறுப்பு டேப்பைக் கிழித்து, ரெசிஸ்டரைப் பிடுங்கினார். கொதிக்கிற இன்ஜின் மேல் கிடந்த அது, உள்ளங்கையில் பனிக்கட்டியாக ஒட்டியது. மேஜை மேல் வீசினார். ஒயரில் ஒன்றும் இல்லாவிட்டால் ஸ்கேனர் மைனஸ் நாற்பது காட்ட வேண்டும்.

முப்பத்தேழு காட்டியது, உயிருள்ள ஆள் உடம்பின் சூடு.

முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தேழு. சீராக. ஏறி, இறங்கி.

அது மூச்சு விடுகிற வேகம் என்று அவருக்குப் புரிந்தபோது, வண்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். டிரைவர் சீட்டின் லீவர். சீட்டின் முதுகு மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. பெரிய உடம்பு ஒன்று சாய்வதுபோல். ஸ்பிரிங் முனகியது. கண்ணாடிகள் உள்ளிருந்து வெளுக்கத் தொடங்கின.

தலை வலித்தது. புகை என்று சொல்லிக்கொண்டார். புகைதான். வேறொன்றும் இல்லை.

டிராயரை இழுத்தார். டப்பா. அவர் கையெழுத்திலேயே 'உடையப்பன், வடமதுரை'. சென்சாரை எடுத்தார், மாட்டினார், இறுக்கினார். விரலெல்லாம் சுட்டது. சுட்டது நன்றாக நினைவிருக்கிறது. எண் எண்பத்தைந்துக்குத் தாவி அசையாமல் நின்றது. கரும்புகை நின்றுபோனது. இன்ஜின் தையல் மெஷின்போல் ஓடியது. அவர் தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சுருங்கண்ணே" என்று சத்தமாகச் சொல்லி அழுதார்.

ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

பவித்ராதான். குடையும் பையனுமாக நனைந்து நின்றாள். "முடிஞ்சிருச்சா மாமா?"

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வண்டி இங்கேயே இருக்கட்டும் தாயி, உங்கப்பாவைக் கொன்னது நெஞ்சுவலி இல்ல. அந்த வார்த்தைகள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். அவர் இன்ஜினைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெடிம்மா" என்றார்.

அவள் கதவைத் திறந்தாள். "சீட்டை எதுக்கு இம்புட்டுச் சாய்ச்சீங்க? அப்பாதான் இப்படிப் போட்டுத் தூங்கும்." சிரித்துக்கொண்டே நிமிர்த்திவிட்டு உட்கார்ந்தாள். பையன் பின்சீட்டில் ஏறினான். வண்டி மழைக்குள் போனது.

மேஜையைச் சுத்தம் செய்யலாம் என்று திரும்பினார்.

டப்பா இருந்தது. மூடியில் கம்பெனிச் சீல். கிழியாத சீல். ஆட்டிப் பார்த்தார். உள்ளே சென்சார் உருண்டது.

ரெசிஸ்டரைத் தேடினார். மேஜை மேல் இல்லை. கீழே இல்லை. எங்கேயும் இல்லை.

ஷட்டருக்கு வெளியே பார்த்தார். தூரத்தில், புளியமரத்தடியில், சிவப்பு விளக்குகள். மழை விடட்டும் என்று ஓரங்கட்டியிருக்கிறாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. ஏசியைப் போட்டுக்கொண்டு. வண்டிக்குப் பின்னால் மழையைக் கிழித்துக்கொண்டு புகை. கறுப்பு.

டப்பாவோடு ஓடினார். செருப்பு கழன்றது. பவித்ராவுக்குப் போன் அடித்துக்கொண்டே ஓடினார். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

வண்டியைத் தொட்டார். சில்லென்று இருந்தது. எல்லாக் கண்ணாடியும் உள்ளிருந்து வெள்ளையாகப் பனித்திருந்தது. கதவு திறக்கவில்லை. "பவித்ரா! தாயி! முகேஷு!" டப்பாவால் இடித்தார். முஷ்டியால் இடித்தார். கண்ணாடி கல்லாக நின்றது. உள்ளே ஒரு அசைவும் இல்லை. கொத்தமல்லி வாசம் மூச்சை அடைத்தது.

காதில் போன் எடுக்கப்பட்டது.

பவித்ராவின் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில், உள்ளிருந்து, ஒரு கை கண்ணாடியை மெதுவாகத் துடைத்தது. பெரிய கை. நகக்கண்ணெல்லாம் பச்சைக் கறை. துடைத்த இடத்தில், செக்கச்செவேலென்ற முகம் ஒன்று அவரையும் அவர் கையிலிருந்த டப்பாவையும் பார்த்துச் சிரித்தது.

"அப்பு, சென்சார் வந்துருச்சா?"