நான்கு அறைகள்

காலை பதினோரு மணி இருக்கும். செங்கல், ஒரு மூட்டை சிமெண்ட், கொஞ்சம் மணல். எல்லாவற்றையும் அந்த மாடி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மேஸ்திரி பீடி பற்றவைத்துக்கொண்டார்.

“நீ போ. எனக்கு உள்ளே அனுமதி இல்லையாம். வயசுக்கு வந்த பிள்ளையோட அறையாம். சிமெண்ட் மூட்டைகூட ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துத்தான் விடுவாங்க போல.”

“அப்போ கல்லு கட்டுறது யாரு?”

“நீதான். இருபது வருசமா பாத்துக்கிட்டே நிக்கிறியே, ஒரு ஜன்னல் அடைக்கத் தெரியாதா?”

கதவைத் தட்டினேன். குரல் வரவில்லை. உள்ளேயிருந்து விரல் முட்டியால் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

“சித்தாள்மா, ஜன்னல் வேலைக்கு வந்திருக்கேன்” என்றேன்.

உடனே மூன்று தட்டு. தாழ்ப்பாள் விலகியது.

திறந்தவளுக்குப் பதிமூன்று வயதிருக்கும். கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள், அதுவும் காதோடு காதாக. “ஒரு தட்டுன்னா வீட்டுல ஆம்பளை இல்லை, போயிடுங்கன்னு அர்த்தம். மூணுன்னா பொம்பளை, உள்ளே வரலாம். எங்க குரல் வெளியே கேக்கக் கூடாதுன்னு வாப்பா சொல்லியிருக்காங்க.”

நானும் அப்படி வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டில் தட்டுவதற்குக் கதவு இல்லை, சாக்குதான் தொங்கியது. ஆனால் சட்டம் மட்டும் பணக்கார வீட்டுச் சட்டம். தம்பி பள்ளிக்கூடம் போனான், நான் அவன் சட்டையைத் துவைத்தேன். என் பேரை எழுதவே நாற்பது வயது தாண்டிவிட்டது.

அறை மாடியில் இருந்தது. ஜன்னல் சட்டத்தை முன்னாடியே பெயர்த்துவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாகச் சந்துக்கு எதிரே பள்ளிக்கூடத்தின் பின்சுவர் தெரிந்தது. வகுப்பு நடக்கும் சத்தம் பக்கத்து அறைப் பேச்சு போலக் கேட்டது. ஒரு டீச்சர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்.

சின்னவளின் உதடும் அசைந்தது. “இதயத்துக்கு நாலு அறைகள். மேலே ரெண்டு, கீழே ரெண்டு.”

நாலு மாசம் முன்பு பள்ளியை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அவள் இந்த ஜன்னலில் நின்றே பாடத்தைத் தொடர்ந்திருக்கிறாள். ஒருநாள் தன்னை மறந்து சத்தமாகச் சொல்லிவிட்டாள். ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவள் வாப்பாவிடம் யாரோ போய், “உங்க மக குரல் தெருவுக்கே கேக்குதே” என்று சிரித்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். ஜன்னலுக்குச் செங்கல் வந்துவிட்டது.

“ராத்தா, ஒரே ஒரு கல்லை மட்டும் விட்டுடுங்களேன். காது வைக்கிற அளவுக்குப் போதும்” என்று அக்கா முறை வைத்துக் கெஞ்சினாள்.

கூலிக்காரி நான். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்தபின் வேறு வார்த்தை வந்தது.

“நாலாவது வரிசை, இடது ஓரம். சாந்து வைக்காம வைக்கிறேன். இழுத்தா கையோட வந்துடும். அலமாரியை முன்னால தள்ளி வச்சுக்க.”

கட்டத் தொடங்கினேன். கல்லை வைத்து, அது உட்கார, கரண்டிக் காம்பால் தட்டுவோம். நான் எப்போதும் மூன்று தட்டுத் தட்டுவேன். கைப்பழக்கம்.

டொக், டொக், டொக்.

இரண்டாவது வரிசையில்தான் கவனித்தேன். என் தட்டு முடிந்ததும் இன்னொரு தட்டு கேட்டது.

டொக். டொக். டொக்.

அறைக்குள்ளேயே, எனக்குப் பின்னால் இருந்த எதிர்ச் சுவரிலிருந்து. அங்கேயும் ஒரு ஜன்னல் அளவுக்குப் பூச்சு வேறு நிறத்தில் இருந்தது. பல வருசம் முன்பு அடைத்த ஜன்னல். ஆனால் ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது, இன்று காலைதான் பூசியது போல.

சின்னவளின் முகம் வெளுத்துவிட்டது. “எதுக்கு மூணு தட்டுனீங்க?”

“கல்லு உக்காரத்தான்.”

“மூணு தட்டுனா உள்ளே வான்னு அர்த்தம், ராத்தா.”

அவள் உம்மா படியேறி வந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள், என் கரண்டியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இவ வாப்பாவோட தங்கச்சி இந்த அறையிலதான் இருந்துச்சு. பதினோரு வருசம். எதுக்கும் தட்டித்தான் பதில் சொல்லும். கடைசியில அது குரல் எப்படி இருக்கும்னே எங்களுக்கு மறந்துபோச்சு.”

“என்ன ஆச்சு?”

“மவுத்தாகி மூணு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.”

“செத்துக் கிடந்ததை மூணு நாளா யாரும் பாக்கலையா?”

“கதவைத் தட்டிச் சாப்பிட்டியான்னு கேப்போம். பதில் தட்டு வந்துக்கிட்டே இருந்துச்சே.”

அதன்பின் நான் ஒரு கல்லையும் தட்டவில்லை. கையால் அழுத்தி அழுத்தி வைத்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் எதிர்ச் சுவரே தட்டிக்கொண்டது. கடைசிக் கல்லை வைத்தபோது அறை இருண்டது.

டொக். டொக். டொக்.

இந்த முறை எதிர்ச் சுவர் இல்லை. நான் கட்டிய சுவர்.

அதற்கு அந்தப் பக்கம் வெறும் காற்றுதான்.

எட்டு நாள் கழித்து பூச்சு வேலைக்குக் கூப்பிட்டார்கள். எனக்குப் போக மனசே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்த ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “இப்பல்லாம் சத்தமே இல்லை. எங்ககிட்டகூடத் தட்டித்தான் பேசுது. அவ வாப்பாவுக்கு ரொம்பச் சந்தோசம்.”

சின்னவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் அலமாரியைத் தள்ளினேன். நாலாவது வரிசை, இடது ஓரம். இழுத்தேன். வரவில்லை. கல் ஆடுகிறதா என்று, கெட்ட பழக்கம், காம்பால் மூன்று தட்டுத் தட்டிவிட்டேன்.

கல்லைச் சுற்றிச் சாந்து இருந்தது. என் சிமெண்ட் இல்லை, பழைய காலத்துச் சுண்ணாம்பு. ஈரம் காயவில்லை. அதில் விரல் முட்டி பதிந்த குழிகள்.

“யாரும்மா அடைச்சது?” என்று கிசுகிசுத்தேன்.

அவள் வாயைத் திறந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மூச்சுகூடச் சத்தமாக வரவில்லை.

குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது.

“இதயத்துக்கு நாலு அறைகள்.”

அவள் குரலேதான். அவள் உதடு மூடியிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு குரல், கரகரத்து, துருப்பிடித்த தாழ் போல, ஒவ்வொரு வார்த்தையாக எட்டிப் பிடித்தது. புதிதாகப் பாடம் கற்கிற குழந்தை மாதிரி.

“இதயத்... துக்கு... நாலு...”

என் உதடும் சேர்ந்து அசைந்ததை அப்போது நான் உணரவில்லை. எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

சுத்தியலை எடுத்தேன். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம். உடைச்சா ரெண்டு பேர்ல யாரு வெளியே வருவாங்கன்னு தெரியாது.”

சுத்தியலைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தேன். அந்தப் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் மேஸ்திரி வீடு தேடி வந்தார்.

“அந்த ஜவுளிக்கடைக்காரர் மறுபடியும் கூப்பிடுறார். குரல் இன்னும் தெருவுக்குக் கேக்குதாம். திரும்ப அடைக்கணுமாம். இனி எதைய்யா அடைக்கிறதுன்னு கேட்டா அந்த ஆளு முழிக்கிறார்.”

பீடியைத் தரையில் தேய்த்துவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

“இப்போ மூணு குரல் கேக்குதாம். மூணாவது உன் குரலாட்டமே இருக்குன்னு வேற சொல்றார். பைத்தியமாம்மா அவரு?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.