நொத்தாரிசின் மேசைக் கண்ணாடி

யாழ்ப்பாணத்துக் கண்ணாடிக் கலையின் வரலாறு இனிமேல் டிலக்ஷிக்கு முன், டிலக்ஷிக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்தே எழுதப்படும். அவளுடைய முதற் கண்காட்சிக்குத் தலைமை தாங்கியவர் ஒலிவாங்கியைக் கடித்துவிடுவார்போலப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் சொன்னார். வரலாறு பிரிந்து எட்டு மாதமாயிற்று. அதன் பின்பகுதியில் அவளிடம் வந்த வேலைகள்: ஒழுகுகிற மீன்தொட்டி இரண்டு, மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி ஒன்று, மூக்குக் கண்ணாடிக்குக் கால் பூட்டித் தரச்சொல்லி வந்து, ஏலாது என்றதும் கோபித்துக்கொண்டு போன பெரியவர் ஒருவர். குருநகரில் அவளை யாரும் கலைஞர் என்று சொல்வதில்லை. ‘கண்ணாடி போடுற பிள்ளை’ என்றால்தான் வீடு காட்டுவார்கள்.

ஆகவே சண்டிலிப்பாயிலிருந்து அந்த வேலை வந்தபோது அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. காணிப் பத்திரங்கள் எழுதிப் பதிகிற நொத்தாரிசு இராசநாயகம் காலமாகிவிட்டார். அவருடைய முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, ஆள் உயரத்தில் வண்ணக் கண்ணாடி உருவம் ஒன்று மண்டபத்தில் நிற்க வேண்டும். கீழ் மூலையில் செய்தவரின் பெயர் இருக்கலாம். அந்த மூலை போதும் அவளுக்கு. ஊரே வந்து நின்று பார்க்கிற இடத்தில் அவளுடைய பெயர்.

கனடாவிலிருந்த மகன் கோபிசங்கர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“அப்பா நாற்பது வருசம் காணி உறுதி எழுதின மேசை இருக்கு, தங்கச்சி. அதுக்கு மேலை போட்ட கண்ணாடியிலைதான் அப்பாவின்ரை முகம் வரவேணும்.”

அதைப் பழைய வேட்டியில் சுற்றி வான் வண்டியில் அனுப்பினார்கள். தடித்த கண்ணாடி, ஓரங்களில் பச்சை. ஒரு பக்கம், ஆட்கள் எதிரே இருந்து குனிகிற பக்கம், இலேசாகத் தேய்ந்திருந்தது.

நெற்றித் துண்டை முதலில் வெட்டினாள். புருவமும் மூன்று சுருக்கமும் சாயத்தில் வரைந்து மின்சூளையில் வைத்துச் சுட்டு, முழுக்க ஆறவிட்டு, மறுநாள் நண்பகலில் திறந்தாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு பெருவிரல் அடையாளம்.

யாருடையது? கண்ணாடியை ஓரத்தில் மட்டுமே பிடிக்கிறவள் அவள். ஈரத்துணியால் துடைத்தாள். திருப்பிப் போட்டுத் துடைத்தாள். வினாகிரி, ஸ்பிரிட், கடைசியில் சவர அலகு. அலகு வழுவழுப்பான பரப்பில் ஓடிற்று. அடையாளம் அசையவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நடுவில் இருந்தது, கண்ணாடியின் தடிப்புக்குள்.

அன்றிரவே கோபிசங்கரைக் கூப்பிட்டாள்.

“அண்ணை, இந்தக் கண்ணாடி பழுது. ஒரு அடையாளம் கிடக்கு, போகுதில்லை. புதுக் கண்ணாடியிலை செய்து தாறன், வித்தியாசம் ஒருத்தருக்கும் தெரியாது.”

“அதெப்பிடி ஏலும்? கல்வெட்டிலை அடிச்சாச்சு.”

கல்வெட்டு என்பது முப்பத்தோராம் நாளன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அதில் ஒன்று அச்சேறிவிட்டால், பிறகு நடப்பதைத்தான் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

“உமக்கு அனுப்பின பிரதியிலை பதினாறாம் பக்கம் பாரும். ஐயா இருந்த மேசையிலேயே ஐயாவின் திருமுகம் எண்டு வெண்பாவிலையும் வருது. மேசையை எடுத்தால் தளை தட்டும்.”

ஐயாவின் நேர்மைக்குப் பக்கம் நான்கிலிருந்து பதினொன்றுவரை ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் மூன்று ‘சிகரம்’, இரண்டு ‘இமயம்’.

அவள் கன்னங்களை வெட்டினாள். சுட்டாள். திறந்தபோது வலது கன்னத்தில் நான்கு, இடது கன்னத்தில் ஏழு. எல்லாமே பெருவிரல்கள். மண்வெட்டி பிடித்துப் பிடித்துப் பரந்த ஒன்று. குறுக்கே வெட்டு விழுந்த ஒன்று. மூக்கோரமாக, மிகச் சிறியதாய் ஒன்று. அவ்வளவு சிறிய விரலை எந்தக் காணி உறுதியில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தவள், அந்த நினைப்பை அதோடு நிறுத்திக்கொண்டாள்.

தாய் சிசிலியா தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“இதென்ன பிள்ளை, மனுசனுக்கு அம்மை போட்டிருக்கு?”

“அம்மா, போங்கோ அங்காலை.”

“நான் சும்மா கேட்டனான். மீன்தொட்டி எண்டால் உந்தக் கரைச்சல் இல்லை.”

பட்டறை என்பது வீட்டுக்குப் பின்னால் முன்பு வலை வைத்திருந்த தகரக் கொட்டில். எந்த நேரமும் கருவாடும் காய்ந்த கடற்பாசியும் மணக்கும். மத்தியானத்தில் தகரம் சூடேறி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நொடிக்கும். மதிலுக்கு அப்பால் ஐஸ் பெட்டி இழுக்கிற சத்தம், காகங்கள், தூரத்தில் ஒரு படகு இயந்திரம். அன்றைக்கு இவை எல்லாம் இருந்தன. இவற்றுக்கு அடியில் இன்னொரு மணமும் இருந்தது, முத்திரை மையின் மணம், இனிப்பாக, நாள்பட்டதாக. பிறகு அந்தச் சத்தம் வந்தது. மென்மையான, ஈரமான சத்தம். மைப்பெட்டியில் அமுக்கிய விரலை எடுக்கும்போது வருமே, அது.

சூளைக்குள் இருந்து.

சூளை அணைந்து கிடந்தது. காலையிலிருந்தே மின்சாரம் இல்லை.

திரும்பவும். சற்று நேரம் கழித்துத் திரும்பவும். வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வருவதுபோல.

திறக்காமல் இருந்திருக்கலாம். சடங்குக்கு மூன்று நாள்தான் இருந்தது. சூளைக்குள் இருந்தது முந்தின நாள் சுட்ட வாய். திறந்தாள். உதடு தெரியவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றின்மேல் ஒன்றாக, விரல்கள். வாயைப் பொத்திக்கொண்டு.

அவளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முந்தி வந்தது. ஐந்து வருடம் காத்திருந்து, கலைஞராகக் கிடைத்த முதல் வேலை. இதைச் செத்தவர்களும் கெடுக்க வேண்டுமா? பிறகு பயம் வந்தது. கண்களை அவள் இன்னும் சுடவில்லை. வெறும் வெட்டிய துண்டுகள், சாயம்கூடப் பூசாதவை, மேசையில் கிடந்தன. அவற்றிலும் இருந்தன. கண்ணுக்கு ஒன்று. சரியாகக் கருமணியின் இடத்தில்.

பெயருக்குரிய மூலைத் துண்டை மட்டும் அந்தக் கண்ணாடியில் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தாள். தன்னுடைய நீலக் கண்ணாடி, தானே வாங்கியது, எந்த மேசையையும் காணாதது. அதில் ‘டிலக்ஷி’ என்று எழுதினாள். சுட்டாள். சூளைக்கு முன்னாலேயே குந்தியிருந்தாள். சத்தம் ஒன்றுமில்லை. நிம்மதியாகத் திறந்தாள்.

பெயர் இல்லை.

ஒரு விரல்.

வெளியே வான்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் அந்தத் துண்டை ஈயப் பட்டிக்குள் செருகிப் பற்றவைத்தாள். வேறு என்ன செய்வது?

முப்பத்தோராம் நாள் காலை, மண்டபத்தில் பட்டுத் திரை விலகியது. யன்னல் வெயில் பின்னால் இருந்து விழுந்தது. வேட்டி, சால்வை, நெஞ்சில் மடித்த கைகள். அதற்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் நூறு பெருவிரல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. டிலக்ஷி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

முன்வரிசையில் இருந்து ஒரு விரிவுரையாளர் எழுந்தார். “நவீனம்,” என்றார். “மக்கள் பணியின் குறியீடு.”

கைதட்டினார்கள். சடங்குக்கென்று கனடாவிலிருந்து வந்திருந்த கோபிசங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தட்டாத ஒரே ஆள் நீர்வேலியில் இருந்து வந்திருந்த நாகேஸ்வரி. அந்த முதியவள் கண்ணாடிக்குக் கிட்டப் போனாள். ஒவ்வொன்றாகப் பார்த்து, தாடையருகே ஒன்றைத் தொட்டாள்.

“இது எங்கடை அம்மாவின்ரை விரல். வாழைத்தோட்டம் எழுதின அண்டைக்கு வைச்சது.” அவள் டிலக்ஷியைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா செத்து ரெண்டு நாளுக்குப் பிறகு, பிள்ளை.”

கோபிசங்கர் டிலக்ஷியைக் கையைப் பிடித்து ஓரத்திலிருந்த மேசைக்கு அழைத்துப் போனார். முத்திரை ஒட்டிய பத்திரம் ஒன்று தயாராக இருந்தது. இவ்வுருவம் என் கையால் ஆனதென்று கலைஞர் உறுதி கூறல். இதில் கையெழுத்துப் போட்டால்தான் அவள் கலைஞர்.

“மூலையிலை பேரைக் காணேல்லை, தங்கச்சி. பரவாயில்லை, இதிலை போடும்.”

பேனாவை எடுத்தாள். முதல் எழுத்து. அது எங்கே தொடங்கும்? மேலிருந்தா? பேனா முனை தாளில் நின்றது. அவளுடைய பெயர் காதில் கேட்டது. கைக்கு அது வரவில்லை. எந்த எழுத்தும் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் இருமினார்கள்.

“பதட்டம் போல,” என்றார் கோபிசங்கர். தகப்பனின் மைப்பெட்டியைத் திறந்து தள்ளினார். “இடது பெருவிரல்.”

விரல் தானாகப் போயிற்று. அமுங்கிற்று. எடுத்தபோது அந்த ஈரச் சத்தம். தாளில் ஒரு நீல முட்டை வடிவம் மட்டும் இருந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. விரலைத் திருப்பிப் பார்த்தாள். மெருகிட்ட கண்ணாடிபோல வழுவழுவென்று இருந்தது. அப்பால், உருவத்தின் கீழ் மூலையில் கோடு கோடாகத் தெளிந்திருந்த விரலடையாளத்திலிருந்து ஈயப் பட்டி வழியே மை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

கோபிசங்கர் அதைப் பார்க்கவில்லை. கலைஞரின் பெயருக்கு எதிரே, அழகான எழுத்தில், ‘கையெழுத்துப் போடத் தெரியாதவர்’ என்று நிரப்பினார்.