நாய்க்கு ஒன்றும் ஆகாது

எழுத்தாளர் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவர்கள் அவரோடு சேர்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்று மதியம் அந்தத் தியேட்டருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முகத்தில் பிணக்களை பூசிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஜாம்பிக் காதல் படம், முதல் நாள் முதல் காட்சி, ரசிகர்களுக்கென்றே போட்டது. சாம்பல் நிற முகம், கறுத்த உதடு, இடது கன்னத்தில் மூன்று தையல். நாவலில் கதாநாயகன் அப்படித்தான் இருப்பான். அந்த நாவலின் எழுத்தாளரே அதே வேஷத்தில் பால்கனியின் கடைசி வரிசையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தால் ரசிகன் என்ன நினைப்பான்? மனுஷன் என்னமாய் நடிக்கிறார் என்றுதான் நினைப்பான்.

படம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பெருக்க வந்த பெண் தோளைத் தட்டினாள். அவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். அவள் போட்ட கூச்சல் கீழே வாசல் வரைக்கும் கேட்டது.

மாலை 5.20. இன்ஸ்பெக்டரம்மா அப்போது வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். டூட்டியில் இல்லை, யூனிஃபார்மும் இல்லை. ரவுடிகளை நடுங்கவைக்கும் அந்தம்மா அந்த நாவலை மூன்று தடவை படித்து மூன்று தடவையும் அழுதவர் என்பது ஸ்டேஷனில் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. படமும் அழவைத்துவிட்டது. சந்தோஷ அழுகை. கூச்சல் கேட்டதும் கைக்குட்டையைப் பையில் திணித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

பார்த்ததும் வாயிலிருந்து வந்தது போலீஸ் வார்த்தை இல்லை.

"ஐயோ, மாப்பிள்ளை."

ஆமாம். இரண்டு வருஷம் முன்பு விவாகரத்து ஆகும்வரை எழுத்தாளர் அவருடைய தங்கையின் புருஷன். போதாக்குறைக்கு, அந்தத் தங்கைதான் மேக்கப் கலைஞர். வாசலில் மேஜை போட்டு, கேட்ட ரசிகர்களுக்கெல்லாம் பிண முகம் வரைந்துவிட்டவள். எழுத்தாளர் முகத்துக்கும் அவள்தான் வரைந்தாள்.

போலீஸ் டாக்டர் வந்தார். பிணத்தின் வலது கண்ணுக்குக் கீழே கிளம்பிய ஒரு கறுப்பு நரம்பு தாடையில் மூன்றாகப் பிரிந்து, கழுத்தைச் சுற்றி வேர் பிடித்த மாதிரி வரையப்பட்டிருந்தது. டாக்டர் ஈரப் பஞ்சால் கழுத்தைத் துடைத்தார். மை அசையவில்லை. எண்ணெய் வாங்கி வந்து துடைத்ததும் அடியில் மெல்லிய பள்ளம் ஒன்று தெரிந்தது.

"கயிறு. பின்னாலிருந்து இறுக்கியிருக்காங்க. உசுரு போய் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இடைவேளைக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்."

சப் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து நின்றார். ஒல்லி உடம்புக்காரர், பட்டப்பெயர் பென்சில். சொல்ல வாயெடுத்தார், மூடினார், மறுபடியும் எடுத்தார்.

"மேடம், சொல்லவே கஷ்டமா இருக்கு. கறுப்பு மை டப்பா சீட்டுக்கு அடியில கிடக்கு. உங்க தங்கச்சியோடது. இடைவேளையில அவங்க மாடிக்கு வந்ததை வாட்ச்மேன் பார்த்திருக்காரு. படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வாசல்ல நடந்த சண்டையை முப்பது பேர் கேட்டிருக்காங்க."

"என்ன பேசினா?"

பென்சில் தலையைக் குனிந்துகொண்டார். "'நீ உசுரோட இருக்கும்போதே பொணம்தான், உனக்கு எதுக்குய்யா மேக்கப்பு'ன்னு சொல்லியிருக்காங்க. 'கல்யாண நாளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்க வக்கில்லாதவன், நீ நாவல் எழுதினியா'ன்னும் கேட்டிருக்காங்க."

தங்கையின் வாய் அப்படித்தான். மனசில் ஒன்றும் இருக்காது. ஆனால் வாக்குமூலத்தில் ஏறுவது வாய்தானே, மனசு இல்லையே.

"மேலதிகாரி கிளம்பிட்டாரு மேடம். சொந்தக்காரங்க கேஸ்னு உங்ககிட்டருந்து எடுத்துருவாங்க. அவர் வந்தா முதல் வேலையா தங்கச்சியைத்தான் வண்டியில ஏத்துவாரு."

"வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"டிராஃபிக்கைப் பொறுத்து."

அந்த டிராஃபிக்தான் இப்போது தங்கையின் தலையெழுத்து.

தங்கை மாடியிலேயே இருந்த மானேஜர் அறையில் உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் சாம்பல் நிறம். கண்ணில் தண்ணீர் இல்லை. அதிர்ச்சியில் அவளுக்கு அழக்கூட வரவில்லை.

"மாடிக்கு எத்தனை தடவை போனே?"

"ரெண்டு தடவைக்கா. படத்துக்கு முன்னாடி டச்சப் பண்ணப் போனேன். மை டப்பாவை அங்கேயே மறந்துட்டேன். இடைவேளையில எடுக்கப் போனேன்."

"அவன்கிட்ட பேசினியா?"

"தூங்கறான்னு நினைச்சேன். வாசல்லயே நின்னு பார்த்துட்டுத் திரும்பிட்டேன். அவன் பக்கத்துல ரெண்டு பொண்ணுங்க போட்டோ எடுத்துட்டிருந்தாங்க." விரலில் இருந்த சாம்பல் நிறத்தைத் தேய்த்தாள். "கிட்டப் போயிருந்தா காப்பாத்தியிருக்கலாமோ?"

"இல்லடி. அப்பவே போயிடுச்சு. நீ அவனுக்கு என்னென்ன வரைஞ்சே?"

"எல்லாருக்கும் வரைஞ்சதுதான். புத்தகத்துல இருக்கற மாதிரி, கன்னத்துல தையல். வேற ஒண்ணும் இல்ல."

"கழுத்துல?"

"கழுத்துல என்ன?"

இன்ஸ்பெக்டரம்மா எழுந்தார். வெளியே வராந்தாவில் நின்று, மதியம் முதல் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப்பார்த்தார்.

2.30க்குப் படம் போட்டார்கள். டைட்டிலில் கதை, திரைக்கதை என்று எழுத்தாளர் பெயர் வந்ததும் விசில் பறந்தது. முதல் பாதி அப்படியே புத்தகம்தான். ஊரே ஓடுகிறது, ஒரு பிணம் மட்டும் ஒரு பெண்ணைக் கடிக்காமல் நின்று பார்க்கிறது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஜாம்பிக் கூட்டம் மருத்துவமனைக்குள் புகும் காட்சி. காது கிழியும் சத்தம். அந்தச் சத்தத்தில் பக்கத்து சீட்டில் ஒருத்தர் கத்தினாலும் கேட்டிருக்காது.

3.50க்கு இடைவேளை. காபி கவுன்டர் பக்கத்தில் பதிப்பாளர் நின்றிருந்தார். அந்த நாவலை வெளியிட்டவர், சதா முகம் வாடிய, வழுக்கை விழுந்த மனுஷர். கைக்குட்டையால் சுற்றி காபிக் கப்பைப் பிடித்திருந்தார். ரசிகை என்று அறிமுகம் செய்துகொண்டு இன்ஸ்பெக்டரம்மா படபடவென்று பேசித் தீர்த்தார். எது புத்தகத்தில் நன்றாக இருந்தது, எது படத்தில் நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒப்பீடு.

"நானும் உங்களை மாதிரி இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கறேன்," என்றார் பதிப்பாளர்.

"எனக்கு ஒரே பயம் சார். அடுத்தது அந்த நாய் சாகற சீன். புத்தகத்துலயே என்னால தாங்க முடியல. அது வர்றதுக்கு முன்னாடி வெளிய வந்து நின்னுக்கலாம்னு இருக்கேன்."

"வேண்டாம் மேடம். நாய்க்கு ஒண்ணும் ஆகாது. நிம்மதியா உட்கார்ந்து பாருங்க."

என்ன நல்ல மனுஷர் என்று அப்போது தோன்றியது.

இரண்டாம் பாதி பிய்த்துக்கொண்டு போனது. புத்தகத்தில் அவள் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள், செத்த இதயம் ஒரு தடவை துடிக்கும். படத்தில் அதை வேறு மாதிரி எடுத்திருந்தார்கள். அவள் கன்னத்தைத் தொட்டதும் ரத்தம் ஓடத் தொடங்கி, வலது கண்ணுக்குக் கீழிருந்து கறுப்பு நரம்பு கிளைவிட்டுக் கழுத்து வரை இறங்கும். புத்தகத்தைவிட இது ஒரு படி மேல் என்று இன்ஸ்பெக்டரம்மா அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். கடைசியில் நாய் நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தபோது தியேட்டரே எழுந்து நின்று கை தட்டியது.

"பென்சில்."

"மேடம்?"

"இடைவேளையில போட்டோ எடுத்த பொண்ணுங்க எங்க?"

கல்லூரிப் பெண்கள் இருவர் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி போனை நீட்டினாள். இளித்த இரண்டு முகங்கள், நடுவில் சாய்ந்த தலை. நேரம் 3.56. இன்ஸ்பெக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், தண்ணி வேணுமா?"

"இந்தப் படத்தை இன்னிக்கு முன்னாடி இங்க யாராச்சும் பார்த்திருக்க முடியுமா?"

"சான்ஸே இல்ல. ஆப்பரேட்டர்கிட்ட கேட்டேன். இன்னிக்கு மத்தியானம்தான் படத்தோட ஃபைலே திறந்துச்சாம். டிரெய்லர்லகூட ஹீரோவோட கையை மட்டும்தான் காட்டினாங்க."

"பதிப்பாளரைக் கூட்டிட்டு வாங்க."

மானேஜர் அறை. மாலை 6.10. தங்கையை வராந்தா பெஞ்சுக்கு அனுப்பியிருந்தார்கள். பதிப்பாளர் இடது கையை மேஜைமேல் வைத்து உட்கார்ந்தார். வலது கை பேண்ட் பாக்கெட்டில். விருந்தினர்களுக்குக் கழுத்தில் மாட்டக் கொடுத்த அட்டை அவருடைய சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

"டைட்டில் வரைக்கும் அவர் பக்கத்துல. தனியா பார்க்கணும்னாரு. கீழ வந்துட்டேன்."

"அதுக்கப்புறம் மாடிக்குப் போகல?"

"இல்ல."

"படம் எப்படி?"

அவர் எதிர்பார்க்காத கேள்வி. "நல்லா இருந்துச்சு."

"முன்னாடி பார்த்ததில்ல?"

"இல்லன்னு அப்பவே சொன்னேனே மேடம்."

இன்ஸ்பெக்டரம்மா அந்தப் பெண்ணின் போனை அவர் முன்னால் வைத்தார்.

"இது இடைவேளையில எடுத்தது. கழுத்துல நரம்பைப் பாருங்க. கண்ணுக்குக் கீழ ஆரம்பிச்சு, தாடையில மூணாப் பிரியுது. புத்தகத்துல இப்படி ஒரு வரி கிடையாது. நான் மூணு தடவை படிச்சவ. இது படத்துல மட்டும்தான் வருது, அதுவும் இடைவேளைக்கு அப்புறம். 3.56க்கு இந்தத் தியேட்டர்ல ஒருத்தரும் இதைப் பார்த்திருக்கல. என் தங்கச்சியும் பார்க்கல. கயிறு பதிஞ்ச இடத்தை மறைக்க அவசரத்துல மையைத் தொட்டவருக்கு, கை தானா வரைஞ்சது இதைத்தான். அப்படின்னா இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்தவர்தான் வரைஞ்சிருக்கணும்."

"அதுக்கு நான்..."

"நாய்க்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க."

பதிப்பாளர் போனிலிருந்து நிமிர்ந்தார்.

"புத்தகத்துல நாய் சாகுது. அதை வெளியிட்டவர் நீங்க. படத்துல சாகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் அழக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க. பாக்கெட்லருந்து கையை எடுங்க சார். காபிக் கப்பை எதுக்குத் துணி சுத்திப் பிடிச்சீங்கன்னு இப்பத்தான் புரியுது. அந்த மை தண்ணில போகாது."

கை மெதுவாக வெளியே வந்தது. இரண்டு விரல் நுனியும் நகக்கண்ணும் கறுப்பு. பென்சில் அதே பாக்கெட்டில் கையை விட்டு, அட்டையிலிருந்து கழற்றிய கயிற்றை எடுத்தார். அதிலும் மை.

பதிப்பாளர் அந்தக் கயிற்றைப் பார்த்தார். பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை.

"அந்த நாவலை எழுதினது நான் மேடம்."

இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என் மூஞ்சியைப் பார்த்து எவன் காதல் கதை வாங்குவான்? அவனுக்கு முகம் இருந்துச்சு, மேடையில பேச்சு இருந்துச்சு. அவன் பேர்ல போட்டோம். வித்துச்சு. படத்துலயாவது என் பேர் வரும்னு சத்தியம் பண்ணான். திரைக்கதை பூராவும் நான்தான். போன மாசம் டைரக்டரோட உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தேன். அப்ப டைட்டில் சேர்க்கல. இன்னிக்குத்தான் டைட்டிலைப் பார்த்தேன். அவன் பேர் மட்டும் வந்துச்சு. கேட்டா சிரிக்கறான். 'அடுத்த படத்துல பார்த்துக்கலாம், போய்க் கீழ உட்காரு'ங்கறான். போனேன். மனசு ஆறல. ஆஸ்பத்திரி சீன்ல திரும்பி வந்துட்டேன்."

கல்யாண நாளுக்கு ஒரு வரி எழுத வக்கில்லாதவன். தங்கை இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். விட்டுப்போனவன்மேல் இருக்கும் ஆத்திரத்தில் பேசுகிறாள் என்று அக்காதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நாயை மாத்தினது?"

"புத்தகத்துல அதைக் கொன்ன அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. எத்தனை பேர் அழுது கடிதம் போட்டாங்க தெரியுமா? படத்துலயாவது அது பிழைக்கட்டும்னு டைரக்டர் கால்ல விழாத குறையாக் கேட்டு மாத்தினேன்." கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். "நாயைக் கொல்ல மனசு வராதவன் மேடம் நான்."

அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தோன்றியது. எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று தடவை படித்த குரல்.

அவருடைய கைப்பையில் நாவல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. பதிப்பாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"அதுல ஒரே ஒரு கையெழுத்து போட்டுத் தரட்டுமா?"

இன்ஸ்பெக்டரம்மா பையை மூடினார். பென்சில் எழுதி முடித்த வாக்குமூலத்தை வாங்கி மேஜைமேல் நகர்த்தி, பேனாவை வைத்தார்.

"இதுல போடுங்க சார். உங்க பேரை முழுசா எழுதுங்க."

அவர் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

மேலதிகாரியின் வண்டி வாசலில் நின்றபோது பதிப்பாளரை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கை வராந்தா பெஞ்சில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் 'நான்தான் சொன்னேனே' என்று கேட்பாள் என்று அக்கா பயந்தார். அவள் கேட்கவில்லை. மடியிலிருந்த மேக்கப் பெட்டியைத் திறந்து எண்ணெய்ப் புட்டியையும் பஞ்சையும் எடுத்தாள்.

"அவங்கம்மா வந்துருவாங்கக்கா. இந்த மூஞ்சியோட அவனைப் பார்க்க வேண்டாம். நானே துடைச்சு விட்டுரட்டுமா?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"டாக்டர் முடிக்கட்டும். முடிச்சதும் சேர்ந்தே போவோம், நானும் கூட இருக்கேன்."