காலி நாற்காலியோடு ஒரு பேட்டி

வந்தவள் உட்காரவே இல்லை. கைப்பையை மேசைமேல் போட்டுவிட்டு, "என் வீட்டுக்காரர் மானத்தைக் காப்பாத்தணும். அதுக்காக அவர் இன்னொரு உசுரைக் காவு கொடுத்துடாமயும் பாத்துக்கணும். எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள்.

அவள் யாரென்று மச்சானுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மச்சான் என்றால் துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி. அக்காள் சிபாரிசில் உதவியாளராகச் சேர்ந்தவன். வந்தவள் ஊரே "சுத்தியல்" என்று கூப்பிடும் தொலைக்காட்சி நிருபரின் மனைவி. பெரிய மனிதர்களின் குட்டை உடைப்பதுதான் சுத்தியலின் பிழைப்பு. பாதி ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, மீதி ஊர் கரித்துக் கொட்டியது. சாவு வீட்டுக்குள் மைக்கை நீட்டியவர். ஒரு அப்பாவியைத் திருடனென்று காட்டிவிட்டு, உண்மை தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்காதவர். மச்சான் கரித்துக் கொட்டும் கட்சி.

"அந்த இருமல் மருந்து நிகழ்ச்சிதானே?" என்றார் துப்பறிவாளர்.

அதேதான். குழந்தைகளுக்கான மருந்தில் கெட்டுப்போன சரக்கைக் கலக்கிறார்கள் என்று தொழிற்சாலை ஊழியர் ஒருவர் இருட்டில் முகம் மறைத்து, குரலும் மாற்றப்பட்டு, சாட்சி சொல்லியிருந்தார். ஆணா பெண்ணா என்றுகூடப் பார்த்தவர்களுக்குத் தெரியாது. முதலாளியின் பெயரோடு இரண்டாம் பகுதி இன்று மாலை வரவேண்டும். நேற்று யாரோ ஒரு வீடியோவைக் கசியவிட்டார்கள். அதில் சுத்தியல் ஒரு காலி நாற்காலியைப் பார்த்து, "உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று உருக்கமாகக் கேட்கிறார், தலையாட்டுகிறார். சாட்சியே கிடையாது, எல்லாம் நாடகம் என்று ஊர் சிரித்தது.

"காலி நாற்காலிகிட்ட ஏம்மா பேசணும்?" மச்சானால் பொறுக்க முடியவில்லை.

"இருந்தது ஒரே கேமரா. முதல்ல சாட்சியை எடுப்பாங்க. அவங்க எழுந்து போனப்புறம் கேமராவைத் திருப்பி, இவர் கேட்ட கேள்வியையே மறுபடி கேக்க வெச்சு எடுப்பாங்க. எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். வெளியில யாருக்குத் தெரியும்? இப்ப சேனலோட தலைமை ஆசிரியர், சாட்சியை நேரலையில உட்கார வை, இல்லேன்னா வேலையை விட்டுப் போங்கறார். இவருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அந்தச் சாட்சிக்குப் போன் பண்ணி, மாட்டேன்னு கெஞ்சியும் விடாம வரச்சொல்லிட்டார். தொழிற்சாலைக் குடியிருப்புலதான் அவங்க வீடு, குழந்தை எல்லாம். முகம் தெரிஞ்சா விட்டுவைப்பாங்களா?"

மச்சான் காதில் இயர்போனைச் செருகி வீடியோவைப் போட்டான். "சே! வலது காது போச்சு. போன வாரம்தான் வாங்கினேன், அத்தான்!"

துப்பறிவாளர் இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். வீடியோவை முழுதும் கேட்டார். பிறகு அதிலேயே ஒரு பாட்டைப் போட்டார். "இயர்போன் நல்லாத்தான் இருக்கு. கிளம்புடா" என்றார்.

தொலைக்காட்சி நிலையத்தில் எல்லோர் முகத்திலும் இழவுக் களை. "என் பொண்டாட்டி கூப்பிட்டு வந்தாளாக்கும்? எனக்கு யார் துணையும் வேண்டாம். சாட்சி வந்துட்டு இருக்கு" என்று சுத்தியல் எரிந்து விழுந்தார். தலைமை ஆசிரியர் சாந்தமாக இருந்தார். தான் அந்தப் பதிவுப் பக்கமே போகவில்லை, பேட்டி நடந்த அன்று விடுமுறை, தான் ஊரிலேயே இல்லை, ஊரோடு சேர்ந்து தானும் அந்த வீடியோவைக் கைபேசியில்தான் பார்த்ததாகச் சொன்னார். பதிவுகளை வெட்டி ஒட்டும் எடிட்டர் தலையைத் தூக்கவே இல்லை. எல்லோருடைய சந்தேகமும் கேமராமேன்மேல்தான் இருந்தது.

"அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க" என்றார் துப்பறிவாளர்.

"பேட்டி முடிஞ்சதும் அவங்க படபடன்னு எழுந்து கழிவறைப் பக்கம் போயிட்டாங்க சார். நான் கேமராவைத் திருப்பி இவரை எடுத்தேன். எடுத்து முடிச்சு, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தாங்க. முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துது. மைக்கைக் கழட்டிக் கொடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாம போயிட்டாங்க."

"அப்ப மைக் அவங்க சட்டையிலயே இருந்துதா?"

"கம்பியில்லாத குட்டி மைக்தானே, வர்றவங்க பாதிப் பேர் மறந்து அப்படியே எழுந்து போயிடுவாங்க, சார்."

துப்பறிவாளர் நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு மைக். சுத்தியலோடது இடது காதுல கேக்கும், சாட்சியோடது வலது காதுல. ஆனா கசிஞ்ச வீடியோவுல வலது காது ஊமை. மைக் நாற்காலியில கிடந்திருந்தாக்கூட இவர் குரல் லேசா விழுந்திருக்கும். யாரோ வேணும்னே அதை அடைச்சிருக்காங்க. கேமராமேன் திருடியிருந்தா அப்படியே கொடுத்திருப்பார், ரெண்டு காதும் கேட்டிருக்கும். இது எடிட்டிங் அறையில நடந்த வேலை."

எடிட்டர் ஒருவழியாகத் தலையைத் தூக்கினார். "மூலப் பதிவை அழிச்சாச்சு சார்... அழிக்கச் சொன்னாங்க..."

"யார் சொன்னது?" என்று சுத்தியல் பாய்ந்தார்.

கேமராமேன் தன் பையைத் துழாவினார். "நிகழ்ச்சி முழுசா ஒளிபரப்பாகுற வரைக்கும் நான் கேமரா கார்டை அழிக்கறதில்லை. ஒருதரம் பட்டிருக்கேன்."

கார்டு மேசைமேல் வந்தது. "வலது பக்கத்தை மட்டும் போடுங்க" என்றார் துப்பறிவாளர்.

"எதுக்கு இந்த வெட்டி வேலை?" தலைமை ஆசிரியரின் சாந்தம் அப்போதுதான் குலைந்தது. "அதுல என்ன இருக்கப்போவுது? ஒரு பொம்பளை மூச்சு வாங்கிட்டு நடக்கற சத்தம்தானே!"



"பொம்பளையா?" சுத்தியலின் குரல் அடங்கிப் போயிருந்தது. "குரலை மாத்தித்தானே போட்டோம்? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கைபேசியில மட்டும் பார்த்தவருக்குத் தெரிய வழியே இல்லை" என்றார் துப்பறிவாளர். "உக்காந்து கேட்டிருக்கார். சாட்சி இருந்ததுக்கு அதுவே ஆதாரம்னு புரிஞ்சு அடைச்சிருக்கார். கடைசி வரைக்கும் கேட்டாரான்னு பார்ப்போம்."

எடிட்டர் பொத்தானை அழுத்தினார். மூச்சிரைப்பு, செருப்புச் சத்தம், கதவுத் தாழ்ப்பாள். பிறகு ஒரு பெண்ணின் தணிந்த குரல், கைபேசியில்: "அம்மா வந்துடறேன்டா ராஜா. அழக்கூடாது." அதன்பின், கதவுக்கு வெளியே நடைபாதையில் ஓர் ஆண்குரல். அது யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"...ஆமா சார், உங்க தொழிற்சாலை ஆளுதான். எவன்னு தெரியலை. முதல் பகுதி போகட்டும் விடுங்க. அப்புறம் இவன் மானத்தை வாங்கினா, இவனே அந்த ஆளை வெளியில இழுத்துட்டு வந்துடுவான். ரோஷக்காரன்."

உள்ளே அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மச்சானுக்கு அழுகையே வந்துவிட்டது. தலைமை ஆசிரியர் எழுந்தார். கேமராமேன் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

சுத்தியலின் கண் திரையிலேயே இருந்தது. இப்படி ஒரு பதிவுக்காக அவர் எந்த வீட்டுச் சுவரையும் ஏறிக் குதித்திருப்பார். தாயின் குரல், குழந்தை, கதவுக்கு அப்பால் துரோகி. போட்டால் நாடே அழும். அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கைபேசியை எடுத்தார். "அம்மா, எங்க இருக்கீங்க? ...இறங்கிடுங்க. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிடுங்க. வரவேண்டாம். உங்களை வரச்சொன்னது என் தப்பு. மன்னிச்சுடுங்க."

பிறகு எடிட்டர் பக்கம் திரும்பினார். "இந்த ஆள் பேசினதை மட்டும் போடு. அந்தம்மா மூச்சுகூட வெளியில கேக்கக்கூடாது. அவங்க சத்தம் வர்ற இடத்துல எல்லாம் வலது காதை அடைச்சிடு."