வெறும் வயிறு

ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய அறையில் ஜன்னலே கிடையாது. விடிந்து வெகுநேரமாகியும் அங்கே அரை இருட்டுதான். மருந்து நெடி. இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை.

வயிற்றைச் சுருக்க அவளுக்கு இது இரண்டாவது ஆபரேஷன். முதலாவதில் குறைந்த எடையெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்துவிட்டது. "அவ உடம்பு வாகு அப்படி, அவ என்ன பண்ணுவா?" என்று கணவன் எல்லோரிடமும் மல்லுக்கு நின்றான். அவன் தூங்கியபின் சமையலறையில் நடந்ததெல்லாம் பாவம், அவனுக்கு எங்கே தெரியும்?

"எதுவும் சாப்பிடலையே?" என்றாள் நர்ஸ். "மயக்கம் கொடுக்கறப்போ வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"இல்ல சிஸ்டர்."

பச்சைப் பொய். காலையில் பயம் தாங்காமல் பாத்ரூமில் நின்றே ஒரு பன்னைத் தின்றிருந்தாள். இன்னொன்றை ஒரு கடி கடித்ததும் யாரோ கதவைத் தட்ட, அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து இந்தக் கட்டிலின் தலையணைக்கடியில் செருகிவிட்டாள்.

கணவன் வாடிய முகத்தோடு எட்டிப் பார்த்தான்.

"நீங்களாவது சாப்பிட்டீங்களா?"

"நீ பட்டினி கிடக்கறப்போ எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

இந்த மனுஷனையா ஏமாற்றுகிறோம், நாமெல்லாம் ஒரு பிறவியா என்று அவளுக்குக் கூசியது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

நர்ஸ் அவனை அனுப்பிவிட்டு ஸ்ட்ரெச்சர் கொண்டுவரப் போனாள்.

திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"சாப்பிட்டியா?"

பெண் குரல். தொண்டையில் தண்ணீர் நின்றதுபோல் களகளத்தது.

"இ... இல்லக்கா."

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

புளித்த வாடை அடித்தது.

திரையில் ஐந்து விரல்கள் அழுந்தின.

"மூச்சே விட முடியலடி."

"சிஸ்டர்! சாப்பிட்டேன்! பொய் சொல்லிட்டேன்!" என்று இவள் அலறினாள்.

நர்ஸும் கணவனும் ஓடிவந்தார்கள். நர்ஸ் திரையைச் சரேலென்று விலக்கினாள். பக்கத்துக் கட்டிலில் மெத்தைகூட இல்லை.

"நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது," என்று நர்ஸ் டாக்டரிடம் ஓடினாள்.

"என்கிட்டகூடவா?" என்றான் கணவன். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மன்னிச்சிடுங்க. இனிமே பொய்யே கிடையாது." அழுதுகொண்டே பொட்டலத்தை நீட்டினாள். "ஒண்ணு முழுசாத் தின்னேன். இதுல ஒரே கடி. உங்க மேல சத்தியம்."

அவன் பிரித்தான். ஓரத்தில் அவள் கடித்த இடம் காய்ந்திருந்தது.

மறுபக்கம் பாதி பன்னைக் காணோம். அங்கே பல் பதிந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"இதுவும் பொய்தானா?" என்றான்.

காலிக் கட்டிலிலிருந்து யாரோ மெதுவாக மெல்லும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.