ஐந்து மணிப் புகை

குற்றாலத்துக்கு மேலே காடு எரிந்து அணைந்ததும் கிடைத்தது... ஒரு பிணம்!

எஸ்டேட் காவலாளி முத்துகுமரன். மண்டையில் வெட்டு. கொலைக்குப் பிறகுதான் தீ.

மூன்றாம் நாள். தென்காசி போலீஸ் ஸ்டேஷன்.

"கொன்னு தீ வச்சது இசக்கிதுரைதான். காலைல பிடிச்சாச்சு. சாயங்காலம் ரிமாண்ட். நீ கிளம்பும்மா!" என்று எரிந்து விழுந்தார் இன்ஸ்பெக்டர் முத்துராமலிங்கம்.

ஜெயசித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேட்டிலைட் படத்தில் காட்டுப் புகையைத் தொடர்வதற்குத்தான் வனத்துறை அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. மூன்று நாளாகச் சொல்கிறாள்... செவிடன் காதில் ஊதிய சங்கு!

"சார்... புகை எங்கன கிளம்பிச்சு, எங்கிட்டுப் போச்சுன்னு அரைமணிக்கு ஒரு படம் இருக்கு. ஒரு தடவ பாருங்க!"

"நீ வாட்ஸ்அப் குரூப்ல போட்டதைப் பாத்தாச்சு. முதல் புகை அஞ்சு மணி. இசக்கி அஞ்சு மணிக்குத் தேனெடுக்கக் காட்டுக்குள்ள போயிருக்கான். அண்ணாச்சியே சாட்சி!"

எதிர் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்த எஸ்டேட் முதலாளி அச்சுதன் தலையாட்டினார்.

"விடியக்காலம் அஞ்சு மணி. ஆய்க்குடி ரோட்டுல வருதேன்... மலைமேல புகை! என் கண்ணால பாத்தேன்."

"நிஜமாவா அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஜெயசித்ரா.

"பின்ன, பொய்யா சொல்லுதேன்?"

ஜெயசித்ரா லேப்டாப்பைத் திருப்பினாள்.

"படத்துல இருக்கது லண்டன் நேரம் சார். நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும். புகை கிளம்பினது காலைல பத்தரை! அதுக்கு முந்தின படத்துல மலை சுத்தமா இருக்கு."

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"அப்போ... இல்லாத புகையை எப்படிப் பாத்தீரு அண்ணாச்சி? நான் காட்டின படத்தைப் பாத்துட்டா சாட்சி சொன்னீரு?"

அச்சுதன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஜெயசித்ரா விடவில்லை.

"புகை செங்கோட்டைப் பக்கமா நகருது. அதைப் பின்னாடியே பிடிச்சுக்கிட்டுப் போனா, கிளம்பின இடம் அண்ணாச்சி எஸ்டேட்டு வேலிக்குள்ள! அங்கன தேக்கு வெட்டுதாங்கன்னு முத்துகுமரன் முந்தின நாள்தான் எங்க ஆபீசுக்குப் போன் பண்ணினாரு."

அச்சுதன் வாசலுக்குப் பாய்ந்தார்... ஏட்டு மடக்கினார்!

இன்ஸ்பெக்டருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. லாக்கப்பைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே இசக்கி! தீப்பிடிச்ச அன்னைக்குப் பத்தரைக்கு எங்கன இருந்தேன்னு காலைலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானலே? அதுக்கு யாருலே சாட்சி?"

"நீங்கதான் சார்! பழைய கேஸுல பெயில் கையெழுத்துப் போட வந்தவனைப் பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் இங்கனதான நிக்க வச்சீங்க... கையெழுத்து கோணலா இருக்குன்னு ரெண்டு தடவ வேற போடச் சொன்னீங்க!"