சடையனின் சம்மதம்

சடையன் செத்து ஒன்பது வருடமாகிறது. ஆனாலும் அன்று காலைப் பிரட்டில் அவன் பெயரைக் கூப்பிட்டதும், "வந்தாச்சு" என்று கட்டைக்குரலில் பதில் வந்தது. சொன்னவள் அவன் மனைவி அங்கம்மா. குரலெண்ணியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காலிஸ்டோவில் இதெல்லாம் பல் விளக்குவது மாதிரி.

பிரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணுவது. பூமியில் மலைத்தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர்களின் வம்சத்தைப் பிடித்து, வியாழனின் இந்த நிலவுக்குப் பனி வெட்ட அனுப்பியபோது, வரிசை வீடுகளான லயம், துரை, பிரட்டு எல்லாம் கூடவே வந்துவிட்டன. ஆள் மேய்க்கிற கங்காணி மட்டும் வரவில்லை. அவன் இடத்தில் லயத்துக்கு ஒன்றாகக் குரலெண்ணியை நட்டு வைத்தார்கள். அது பெயரைக் கூப்பிடும். பதில் சொல்கிற குரலைத் தன் நினைவில் இருக்கும் குரலோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, அந்தப் பெயருக்கு அன்றைய காற்று உண்டு. மூன்று நாள் பதில் இல்லையென்றால் பெயர் அழிந்துவிடும், காற்றும் நின்றுவிடும்.

காற்று வேலைக்காரருக்கு மட்டும்தான். பதினைந்து வயது வரை பிள்ளைகளுக்குப் பட்டியலில் பெயர் கிடையாது. பனி வெட்டாதவனுக்கு மூச்சு எதற்கு என்பது பூமியின் கணக்கு. நியாயமான ஆட்கள்! அப்படியென்றால் லயங்களில் ஓடித் திரிகிற பிள்ளைகள் எதை மூச்சுவிட்டு வளர்கிறார்கள்? செத்தவர்களின் காற்றை.

குரலெண்ணிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மனிதனுக்குச் சளி பிடிக்கும், தொண்டை கட்டும், வயதானால் குரல் தேயும் என்று அதற்குத் தெரியும். அதனால் தினமும் கேட்ட குரலை வைத்துத் தன் நினைவைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். யாராவது சாகக் கிடந்தால், அவருடைய கம்மிய குரலுக்குள் வீட்டு ஆள் ஒருவர் மெல்லப் புகுந்துகொள்வார். மூன்று வாரம் போதும். அதற்குள் பொறி புதுக்குரலையே பழைய ஆளாக ஏற்றுக்கொண்டுவிடும். சடையன் பனிச்சரிவில் நெஞ்சு நசுங்கி மூன்று வாரம் கிடந்துதான் செத்தான். தினசரி வேலையில் துரைமார் இரண்டு மணிநேரத்தைக் கூட்டிய புதிது அது. தூக்கக் கலக்கத்தில் எவனோ தாங்குகோலை இழுத்துவிட்டான். அங்கம்மா அழுதுகொண்டே அவன் குரலைப் பழகினாள்.

மொத்தம் நாலாயிரத்து இருநூறு பெயர்கள். அதில் உயிரோடிருப்பவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு.

விடுதலை ஒரே நாளில் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நோயாளிக்குக் கஞ்சி ஊற்றுவது போல ஊற்றினார்கள். முதலில் பள்ளிக்கூடம் கைக்கு வந்தது. எட்டு வருடம் கழித்து வைத்தியசாலை. அப்புறம் பொதுச்சமையல், அப்புறம் காவல். ஒவ்வொன்றுக்கும் ஒரு விழா, துரையின் பேச்சு, ஆளுக்கொரு இனிப்பு. கடைசியாக மிச்சமிருந்தது மூச்சாலை. அதுதான் எல்லாம். பனியை உடைத்து உயிர்க்காற்றைப் பிரிக்கிற அந்த ஆலை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராஜா. அதைத் தர வேண்டுமானால், பட்டியலில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதம் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம்.

இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் நேரில் போய்க் கை பதிக்கச் சொன்னார்கள். உயிரோடிருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே போய்ச் சம்மதம் சொன்னார்கள். தோற்றுப்போனார்கள். தேவை இரண்டாயிரத்து எண்ணூறு கை, இருந்ததோ இரண்டாயிரத்து ஐந்நூறு.

"உங்கள் ஜனங்களுக்கே விருப்பமில்லையே," என்று துரை உதட்டைப் பிதுக்கினார். அப்போது துரையாக வந்திருந்தது ஒரு பெண்மணி. ஆனாலும் லயத்துக்காரர்களுக்கு அவர் துரைதான்.

செத்தவர்கள் கை பதிக்க மாட்டார்கள் என்று யார் போய்ச் சொல்வது? சொன்னால் அடுத்த நாளே ஆயிரத்து எழுநூறு பிள்ளைகளுக்கு மூச்சு நிற்கும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது முறை, மாசிலாமணி வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். பள்ளிக்கூடம் கைக்கு வந்த காலத்திலிருந்து விடுதலைக்காகவே உழைத்து, மூன்று முறை சிறைக்குப் போய் வந்த மனிதர். கை பதிப்பது வேண்டாம், பிரட்டிலேயே குரலெண்ணி கேட்கட்டும், அவரவர் பதில் சொல்லட்டும் என்றார். துரை மறுப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ உடனே ஒத்துக்கொண்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். யார் சந்தேகப்பட்டார்கள்?

அந்தக் காலையில் "சடையன், சம்மதமா?" என்று பொறி கேட்டபோது அங்கம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "சம்மதம்!" என்றாள் அவன் குரலில். பக்கத்தில் நின்ற மகள் தமயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முப்பது லயங்களிலும் செத்தவர்கள் ஒருவர் விடாமல் சம்மதம் சொன்னார்கள். விடுதலை வந்துவிட்டது. ஜனங்கள் குதித்த குதியில், ஈர்ப்பு குறைந்த அந்த மண்ணில், நாலைந்து பேருக்குக் கூரை இடித்து மண்டை உடைந்தது. உடைந்த மண்டையோடு சிரித்தார்கள்.

எட்டு மாதம் அந்தச் சந்தோஷம் ஓடியது. வாத்தியார் முதல்வரானார். துரை கப்பலேறினார். பிரட்டு மட்டும் நிற்கவில்லை. காற்றை எப்படிப் பங்கிடுவது, அதற்காகத்தான் என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஒன்பதாவது மாதம் அறிவிப்பு வந்தது. பனி வெட்டும் வேலையில் இரண்டு மணிநேரம் கூடுகிறது, அதற்குப் பிரட்டில் வாக்கெடுப்பு. கூடவே, லயத்துக்கு இரண்டு பேராக அரசாங்கத் தொண்டர்கள் வீடு வீடாக வந்தார்கள்.

"அக்கா, ஒங்க ஓட்டு ஒங்க இஷ்டம். செத்தவங்க ஓட்டு மட்டும் அரசாங்கத்துக்கு. சடையண்ணன் சம்மதம்னு சொல்லிரணும்."

"எதுக்குடா சம்மதம்? அந்த மனுசனைக் கொன்ன ரெண்டு மணிநேரத்துக்கா?"

தொண்டன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டு நேராக வாத்தியாரின் அலுவலகத்துக்குப் போனாள்.

துரையின் பழைய அறைதான் அது. நாற்காலிகூட மாறவில்லை. வாத்தியார் இளைத்துப் போயிருந்தார்.

"உக்காரு தாயி. விசயம் கேள்விப்பட்டேன்."

"நான் உக்கார வரல, வாத்தியாரே. எம் புருசன் பேரை எடுத்துருங்க. செத்தவங்க பேரெல்லாத்தையும் எடுத்துருங்க. அந்த எடத்துல பிள்ளைங்க பேரைப் போடுங்க. ஆயிரத்து எழுநூறு போகும், ஆயிரத்து எழுநூறு வரும். காத்து அதே அளவுதானே? இப்ப ஆலை நம்ம கையில. யாருக்குப் பயப்படணும்?"

வாத்தியார் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்.

"துரை கப்பலேறின அன்னைக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. 'பிள்ளைகளுக்கு நாங்க காத்தே குடுக்கல, ஆனா பிள்ளைங்க ஓடி விளையாடுது. அது எப்படின்னு யோசிக்கத் தெரியாத முட்டாளுங்களா நாங்க?'ன்னு கேட்டாங்க."

"தெரிஞ்சா குடுத்தாங்க?"

"நாப்பது வருசமாத் தெரியும். அதனாலதானே ரெண்டு தடவை நேர்ல வந்து கை வைக்கச் சொன்னாங்க. மூணாவது தடவை குரலுக்கு ஒத்துக்கிட்டதும் அதனாலதான். ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. வாக்கெடுப்புல மோசடி நடந்ததுன்னு தெரிய வந்தா விடுதலை செல்லாது, ஆலை பூமிக்குத் திரும்பிடும். ஆயிரத்து எழுநூறு பேர் செத்தவங்கன்னு நாமளே ஒத்துக்கிட்டா, அப்புறம் யார் குடுத்த சம்மதத்துல நாம விடுதலை வாங்கினோம்?"

அங்கம்மா இப்போது உட்கார்ந்தாள்.

"அவங்க வாயைத் திறக்காம இருக்கணும்னா பனி வேணும்," என்றார் வாத்தியார். "அவங்க கேக்குற அளவுக்கு. இந்த வருசம் ரெண்டு மணிநேரம். அடுத்த வருசம் என்ன கேப்பாங்களோ தெரியாது."

"அப்ப நம்ம ஆளுங்க யாரும் எப்பவும் சாகவே கூடாதா?"

"செத்துக்கலாம். சொல்லக் கூடாது."

"இதுக்கா வாத்தியாரே மூணு தடவை செயிலுக்குப் போனீங்க?"

அவர் கண் கலங்கியிருந்தது. பாவம், நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அங்கம்மாவுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாம் சொன்னாள். தமயந்தி ஆறு மாதக் கர்ப்பிணி. தாயின் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, ஒன்னைக் கையெடுத்துக் கும்புடுறேன். ஒண்ணும் பண்ணிடாத. அப்பா காத்துலதான் எம்புள்ள பொழைக்கணும்."

"ஒங்கப்பன் வாயால அந்தச் சம்மதத்தை நான் சொல்ல மாட்டேன்டி. என்னால முடியாது."

"சொல்லாட்டிப் போ. சும்மா இரு. அப்பா குரல் எனக்கும் வரும். நான் சொல்லிக்கிறேன்."

அங்கம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

வாக்கெடுப்புக் காலையில் பொறி கேட்டது: "சடையன், சம்மதமா?"

தமயந்தி வாயைத் திறப்பதற்குள் அங்கம்மா தன் சொந்தக் குரலில் கத்தினாள். "அவரு செத்துட்டாரு! ஒம்பது வருசமாச்சு! பனிக்குழியில நசுங்கிச் செத்தாரு! யாருக்குமே தெரியாதா?"

சிவப்பு விளக்கு எரிந்தது. நேற்றுவரை அவளோடு சிரித்துப் பேசிய பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு அவளை முறைத்தார்கள். "பாவி, எங்க புள்ளைங்களைக் கொல்லப் பாக்குறாளே" என்றாள் ஒருத்தி. தொண்டர்கள் இரண்டு பேர் வந்து மரியாதையாகத்தான் கையைப் பிடித்தார்கள். அந்த லயத்தின் வாக்கெடுப்பை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள்.

வைத்தியசாலையில் அவளுக்குத் தொண்டை நோய் என்று எழுதினார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கஞ்சி கொடுத்தார்கள், போர்வை கொடுத்தார்கள். கதவை மட்டும் திறக்கவில்லை. பிரட்டுக்கு விடுங்கள், மூன்று நாளில் என் பெயர் போய்விடும் என்று அவள் சுவரைத் தட்டினாள். "பேரு போகாதுக்கா, வீட்டுல பாத்துக்குறாங்க," என்றாள் தாதி. நாலாவது நாளும் அவள் படுக்கைக்குக் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. அது எப்படி என்று கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் விட்டார்கள். மறுநாள் காலை, தள்ளி வைத்த வாக்கெடுப்பு. அங்கம்மா வரிசையில் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். தமயந்தியின் வயிறு இன்னும் பெரிதாகியிருந்தது. மகள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்பன் பெயருக்கு அவள் என்ன சொன்னாலும் சொல்லட்டும், என் பெயருக்கு நான் சொல்வேன், ஒரு எதிர்ப்பாவது இந்த லயத்தில் பதியட்டும் என்று அங்கம்மா முடிவு செய்திருந்தாள்.

"தமயந்தி, சம்மதமா?"

"சம்மதம்."

பச்சை.

"சடையன், சம்மதமா?"

அதே வாயிலிருந்து கட்டைக்குரல் வந்தது. "சம்மதம்."

பச்சை.

"அங்கம்மா, சம்மதமா?"

"சம்மதமில்ல!" என்றாள் அங்கம்மா, பிரட்டுக்களமே கேட்கும்படி.

சிவப்பு விளக்கு எரிந்தது. "குரல் பொருந்தவில்லை. அங்கம்மா, சம்மதமா?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். மறுபடி சிவப்பு. "அடேய், நான்தான்டா அங்கம்மா! கண்ணு தெரியலையா?" என்று பொறியைக் கையால் அடித்தாள். அதற்கு ஏது கண்?

அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் கரகரப்பு, கடைசி எழுத்தில் ஒரு இழுவை. ஐம்பது வருடமாக அங்கம்மா தன் காதிலேயே கேட்டுக்கொண்டிருக்கும் குரல்.

"சம்மதம்."

பச்சை விளக்கு எரிந்தது.

அங்கம்மா திரும்பினாள். தமயந்தி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கண்ணீர் வயிற்றின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் உசிரோடதானேடி நிக்கிறேன்?"

"தினமும் ஒன் பேருக்கு நாந்தான் பதில் சொன்னேன். இல்லாட்டி மூணு நாள்ல ஒன் காத்து நின்னுருக்கும்மா. நான் வேற என்ன பண்ணட்டும்?"

"நான் வந்துட்டேன்ல? இப்ப எதுக்குடி சொன்ன? நான் வேண்டாம்னு சொல்லத்தானே வந்தேன்!"

தொண்டர்கள் இரண்டு பேர் வரிசையின் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். தமயந்தி தாயின் கையை இறுகப் பிடித்தாள்.

"சத்தம் போடாதம்மா," என்றாள். "ஒனக்கும் சேத்துத்தான் நான் சொல்லிட்டேன்ல."